துணியில் அச்சடித்த அப்பா

"எங்கப்பா படத்தைக் கவுத்துப் போட்டு வச்சிருக்கியே, உனக்கு எப்படிக் கை வந்துச்சு கோகிலா?"

சாமை மூட்டைக்குப் பின்னாலிருந்து எடுத்த படத்தை, முந்தானையால் துடைத்தபடியே கத்தினாள் அம்சவேணி.

ஆடிப்பெருக்குக்குப் பேளுக்குறிச்சியிலிருந்து பஸ் ஏறி, கொல்லிமலைக்குப் பிறந்த வீடு தேடி வந்தவள். வந்ததும் சுவரில் அப்பா அர்த்தனாரியின் படத்தைக் காணோம். வெறும் ஆணிதான் இருந்தது. வீடெல்லாம் தேடி, கடைசியில் மூட்டைக்குப் பின்னால் கண்டுபிடித்தாள்.

தம்பி மனைவி கோகிலவாணி சமையற்கட்டு நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"அண்ணி, மெதுவாப் பேசுங்க. அத்தை இப்பத்தான் கண்ணசந்தாங்க."

"எங்கம்மா ஊட்ல நான் மெதுவாப் பேசணுமா?"

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. சேந்தமங்கலத்தில் போட்டோ பிரிண்ட் கடை வைத்திருக்கும் அப்சர். துணி சுற்றிய பெரிய சட்டம் ஒன்றை முதுகில் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"பஸ்ல குடுத்துவிட்டா யாராச்சும் கால் வச்சுக் கிழிச்சுருவாங்கன்னு நானே எடுத்தாந்துட்டேங்க அக்கா. வளைவு வளைவா ஏறி வர்றதுக்குள்ள இடுப்பு போச்சு."

கட்டைப் பிரித்தார்.

அதே அர்த்தனாரி. ஆனால் துணியில். தலைப்பாகையிலும் மீசையிலும் தூரிகை இழுத்தது போலக் கோடுகள்.

"கேன்வாஸ் துணிங்க. போட்டோவை இதுல அச்சடிச்சு, கட்டையில இழுத்துக் கட்டிருக்கேன். தள்ளி நின்னு பார்த்தா கையில வரைஞ்ச ஓவியமாட்டவே இருக்கும்."

அம்சவேணிக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"ஓ... இதுக்குத்தானா! விளக்கு வச்சுக் கும்புட்ட படம் மூட்டைக்குப் பின்னால. ஊட்டுச் சுவத்துக்கு ரிசார்ட்டுல மாட்டறாப்புல ஒரு ஓவியம்!"

அப்சர் சங்கடத்துடன் நெளிந்தார். "நானும் சொன்னேங்க. பழைய படமே நல்லாத்தான் இருக்கு, எதுக்குன்னு. அக்காதான் கேக்கல."

"கடைக்காரரே வேண்டாங்கறார். இவளுக்கு ஆசை. பொட்டைக்கூட நேரா வச்சுக்கத் தெரியல, ஓவியம் கேக்குது."

கோகிலவாணி நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். துணிப்படத்தை வாங்கிப்போய் ஆணியில் மாட்டினாள். ஒரு பக்கம் இறங்கியிருந்ததைச் சரி செய்தாள்.

"பாய், தண்ணி குடிக்கறீங்களா?"

"பேச்சை மாத்தாதே. பொங்கலுக்கு வந்தப்ப எங்கம்மாளுக்குப் புத்தி தடுமாறுதுன்ன. அன்னிக்கே உன்னைய நாலு வார்த்தை கேட்டுட்டுத்தான் போனேன். இன்னிக்கு எங்கப்பனையும் கழட்டிட்ட. போதும். எங்கம்மாவை நான் கூட்டிட்டுப் போறேன்."

"கூட்டிட்டுப் போங்க அண்ணி."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கொஞ்ச நாள் வச்சுக்கங்க. நானும் ஒரு ராத்திரி தூங்கிக்கறேன்."

"பாத்தீங்களா பாய்? வாயிலயே வந்துருச்சு. எங்கம்மா இவளுக்குப் பாரம்."

அப்சர் ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். போவதா நிற்பதா தெரியவில்லை.

உள் அறையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டே அம்மா அத்தாயி வந்தாள்.

"யாரு, வேணியா? எப்ப வந்தே கண்ணு? சாப்பிட்டியா?"

அம்சவேணி, கோகிலவாணியை ஒரு பார்வை பார்த்தாள். புத்தி தடுமாறின மனுஷியா இது?

"அம்மா, இங்க வா. அப்பாவை என்ன பண்ணி வச்சிருக்கா பாரு உன் மருமக."

அத்தாயி படத்தின் அருகில் போனாள். கன்னத்தை ஒட்டினாற்போல் வைத்துப் பார்த்தாள். இந்தப் பக்கம் நகர்ந்தாள். அந்தப் பக்கம் நகர்ந்தாள். விரலால் துணியைத் தடவினாள். பிறகு, பொக்கை வாயோடு சிரித்தாள்.

"அந்தக் கெழவியக் காணோமே!"

"எந்தக் கெழவிம்மா?"

"உனக்குத் தெரியாது கண்ணு. தலையெல்லாம் நரைச்சுப்போனவ. நான் உங்கப்பனைப் பார்க்கப் போனாப் போதும், கண்ணாடிக்குள்ள அவர் மூஞ்சி மேலயே வந்து நிப்பா. போடின்னு திட்டுனா அவளும் வாயசைப்பா. நான் அழுதா அவளும் அழுவா. ராத்திரி எந்திரிச்சு வந்து பார்த்தாலும் நிப்பா. என்னைய அவரைப் பார்க்கவே உடமாட்டா."

அம்சவேணி திரும்பினாள்.

"படக் கண்ணாடியில தெரியறது தன் மூஞ்சின்னு அத்தைக்குப் புரியறதில்லைங்க அண்ணி," என்றாள் கோகிலவாணி, தரையைப் பார்த்தபடி. "படத்தைக் கழட்டி வச்சா, எங்க அவருன்னு விடியவிடியத் தேடறாங்க. துணியில போட்டா நெழல் தெரியாதுன்னு..."



அம்சவேணி மெல்ல வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

அத்தாயி இன்னும் படத்தின் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். யாருக்கும் கேட்கக் கூடாது என்பது போல், குரலைத் தாழ்த்தி அர்த்தனாரியிடம் சொன்னாள்.

"ஏனுங்க... இனி அவ வந்தா உள்ள உட்டுடாதீங்க."