முகம் மட்டும் வேண்டாம்

ஆசைப்பட்டதைக் கற்று வாழ்க்கையே மாறிப்போனவர்களைக் குறும்படமாக எடுப்பவள் அவள். டிரம்ஸ் வகுப்பின் அறுபது வயது மாணவர்மேல் அவளுக்குச் சந்தேகம் தட்டியது.

“கத்துக்க ஆரம்பிச்சதும் என் முன்கோபமெல்லாம் போயே போச்சும்மா. ஆனா படத்துல என் முகம் மட்டும் வேண்டாம்.”

ஜன்னலில் நிழலாடினாலே குனிந்துகொண்டார்.

‘போலீஸ் தேடும் ஆளோ?’ அவள் கேமராவை அணைத்தாள்.

“உண்மையைச் சொல்லுங்க சார். யாருக்குப் பயப்படறீங்க?”

“இந்தத் தெருவுக்குத்தான். சத்தம் தாங்கலை, வகுப்பை மூடணும்னு வீடு வீடாப் போய்க் கையெழுத்து வாங்கினதே நான்தான். மாஸ்டரோட சண்டை போட வந்தேன். ‘ஒரு தடவை அடிச்சுப் பாருங்க’ன்னு குச்சியைக் கையில கொடுத்துட்டார்.”

“அப்போ அந்த மனு?”

“என் பீரோவுல தூங்குது. எப்போ கொடுக்கப்போறீங்கன்னு தினமும் உயிரை வாங்கறா, முதல் கையெழுத்துப் போட்ட என் பொண்டாட்டி!”