ஆறு மணிக்கு மைக் பேசும்

ஊராட்சித் தலைவர் குப்புராஜ் புதுத் துண்டை எடுத்து மாரப்பனின் தோளில் போர்த்தினார். இருபது வருடமாக அந்த ஊரில் தமுக்கடித்துச் சேதி சொல்கிறவனுக்கு இப்படி ஒரு மரியாதை நடந்ததே இல்லை. எழுத்தர் அருள்சாமிக்குக்கூடக் கண் கலங்கியது.

"ஏம்ப்பா மாரப்பா, இன்னியோட உன் வேலை முடிஞ்சுது. ஊருக்கு மைக் செட் வந்துருச்சு" என்றார் தலைவர், சிரிப்பு மாறாமல்.

மாரப்பன் துண்டின் ஓரத்தை நெருடினான். "அப்ப எங்க வூட்ல அடுப்பெரியறது எப்படிங்க?"

"விஞ்ஞானத்த யாரு தடுக்க முடியும்? ஊராட்சிக்குச் செலவும் மிச்சம் பாரு."

மாரப்பனுக்கு மாதம் பதினைந்து ரூபாய். மைக்கில் பேசப்போகும் தலைவரின் மச்சினன் மாயவனுக்குத் தொண்ணூறு. இதில் மிச்சம் எந்தப் பக்கம் வருகிறது என்று அருள்சாமி இரண்டு தடவை போட்டுப் பார்த்தான். வரவில்லை. தனக்குத்தான் கணக்கு போதாது என்று நோட்டை மூடிவைத்தான்.

கடைசியாக ஒரு சேதியை ஊரெல்லாம் சொல்ல வேண்டும். மாரப்பனுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் அருள்சாமி வாசித்துக் காட்டினான்: "நாளை மாலை ஆறு மணிக்குக் கோயில் திடலில் மைக் செட் திறப்பு விழா. அனைவரும் வருக."

"சார், ஒரு சந்தேகம். ரேடியோவுக்கு வருசா வருசம் தபாலாபீசுல லைசன்சு கட்றாங்களே, இதுக்கும் உண்டுங்களா?" என்று கேட்டான் மாரப்பன்.

"உனக்கெதுக்குய்யா அதெல்லாம்? கெளம்பு" என்றார் தலைவர். மாரப்பன் தமுக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

மறுநாள் ஆறு மணி. திடலில் வேப்பமரத்தின் உச்சியில் ஒலிபெருக்கிக் குழாய் பளபளத்தது. மாயவன் "ஹலோ, ஹலோ" என்று தொண்டையைச் சரிசெய்தான். தலைவரின் பேச்சு எட்டுப் பக்கம். கேட்க வந்திருந்தவை நான்கு ஆடுகள்.

"ஊரு எங்கய்யா போச்சு?" அருள்சாமியை இழுத்துக்கொண்டு தலைவர் தெருவுக்குள் போனார். எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. முனியம்மாள் வீட்டைத் தட்டியதும் கதவு நான்கு விரற்கடை திறந்தது. அவளுடைய இரண்டு காதிலும் பஞ்சு.

"மைக்கு நின்னுருச்சுங்களா?" ஒரு பஞ்சை மட்டும் எடுத்தாள். "காதுல வுழுந்தா வூட்டுக்கு ரெண்டு ரூவா வரியாமே! மாரப்பன் தெருத்தெருவாச் சொல்லிட்டுப் போனானுங்க."

தலைவர் சட்டென்று திரும்பினார். திடலைப் பார்த்துக் கத்தினார். "மாயவா! வரியெல்லாம் கெடையாதுன்னு மைக்குல சொல்லுடா!"

"அன்பார்ந்த பொதுமக்களே..." என்று குழாய் முழங்கியது. திறந்திருந்த இரண்டொரு சன்னலும் பட்பட்டென்று அடைத்துக்கொண்டன. முனியம்மாள் பஞ்சைச் செருகிக்கொண்டு தாழ்ப்பாளைப் போட்டாள். விஞ்ஞானம் மூன்று மைலுக்குக் கேட்டது. ஊர்தான் கேட்கவில்லை.

வேறு வழியில்லாமல் தலைவர் மாரப்பன் வீட்டு வாசலுக்கே போய் நின்றார். அவன் களி தின்றுகொண்டிருந்தான்.

"மாரப்பா, நீ சொன்னாத்தான் சனம் நம்பும். வரி இல்லேன்னு ஒரு சுத்து தமுக்கடிச்சுட்டு வந்துரு சாமி."

மாரப்பன் நிதானமாகக் கைகழுவினான்.

"அடிக்கலாமுங்க. அதுக்கு எனக்கு வேலை இருக்கணுமேங்க?"