கதவைப் பிடித்த அக்காள்

உனக்குத் தொண்டை அடைப்பான் ஊசி போட்ட அன்று நர்ஸ் பிலோமினா எனக்குச் சொன்ன கதை இது, மகளே.

அந்த நோய்க் கிருமி பெற்ற விஷச் சகோதரிகள் இருவர் ஒட்டிக்கொண்டே திரிந்தார்கள். உயிரணு என்னும் வீட்டின் கதவைத் திறக்க அக்காளுக்குத்தான் தெரியும். உள்ளே போய் அடுப்பை அணைத்து, வீட்டையே சாகடிப்பது தங்கை.

"திறந்து விடுறது நான். பேரு உனக்கா?" என்றாள் அக்காள்.

"வாசல்ல நிக்கிறவளுக்கு எதுக்குக்கா பேரு?"

அக்காளுக்கு வயிறெரிந்தது. தங்கையை உதறிவிட்டுக் கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "இப்போ போடி, பார்க்கலாம்!"

"வழி விடுக்கா" என்று கெஞ்சிக் கெஞ்சியே தங்கை கரைந்துபோனாள். உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

ஆண்டவர் கருணை, அன்றைக்கு அவர்களுக்குள் சண்டை வந்தது. தினமும் வருமா? அழுவான் என்று என் பேரனின் ஊசியைத் தள்ளிப்போடாதே, மகளே.