தெருமுனைச் சத்தம்

“அண்ணே, புதுசு மாட்டுங்க, வேண்டாம்னு சொல்லல. அந்தச் சத்தம் மட்டும் போகாம பாத்துக்குங்க.”

ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்த மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். பட்டறை வாசலில் நின்றவளை அவருக்குத் தெரியும். காலையில் மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டுப் பேருந்தில் வேலைக்குப் போன அச்சகத்துப் பிழைதிருத்துநரின் மனைவி.

“எந்தச் சத்தம்மா? டப்புனு வெடிக்குதே, அதுவா?”

“ஆமாண்ணே.”

அவள் மகனைவிட மூத்த வண்டி அது. தீப்பொறிக்கான பாயின்ட் தேய்ந்துபோய், பொறி நேரம் தவறி விழுந்துகொண்டிருந்தது. தெருமுனையில் திரும்ப வேகத்தைக் குறைத்தால் போதும், சைலன்சர் வெடிக்கும். பாயின்டைக் கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் செட் மாட்டச் சொல்லியிருந்தார் அவள் கணவர்.

“அத நிறுத்தத்தானேம்மா சார் இவ்வளவு மெனக்கெடுறார்? தெருவுல அவருக்கு ‘வேட்டு’ன்னே பேர் வெச்சுட்டாங்களாம்.”

“தெரியும்ணே. ஆனா அவர் வர்றது முன்கூட்டியே தெரியணும்.”

“தெரிஞ்சு?”

அவள் தெருவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடினாள். மூடுவதற்குள், தாடைக்குக் கீழே கன்றியிருந்த நீலத்தை மெக்கானிக் பார்த்துவிட்டார். அவர் குரல் தானாகவே இறங்கியது.

“எவ்வளவு நேரம்மா கிடைக்கும்?”

“முனையிலேருந்து வாசல் வரைக்கும். அது போதும்ணே. அதுவும் இல்லன்னா ஒரு நாள் எங்க வீட்டுல உயிரே போயிடும்.”

“யார்கிட்டயாவது சொல்லலாமில்ல? போலீஸ்ல...”

“ஐயோ, வேண்டாம்ணே.” கைகளைக் கூப்பினாள். “வெளிய தெரிஞ்சா குடும்பமே முடிஞ்சுது.”

“அம்மா, இங்கேயா இருக்க?”

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். பின்னால் மகன் நின்றுகொண்டிருந்தான். படிப்பை முடித்து, வேலைத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருப்பவன். குனிந்த தலை நிமிராத பிள்ளை என்று தெருவே சொல்லும். அவள் கையிலிருந்த காய்கறிப் பையைத் தான் வாங்கிக்கொண்டான்.

“வெயில்ல நிக்காதம்மா. மாமா, அப்பா வண்டி சாயங்காலம் ரெடியாயிடுமா?”

“ஆயிடும் தம்பி.”

“சத்தம் சுத்தமா நின்னுடுமா?”

“பாக்கணும் தம்பி. மாட்டினாத்தான் தெரியும்.”

அவன் தலையசைத்துவிட்டு நடந்தான். அவள் இரண்டடி பின்னால் போனாள். அவளைத் தாங்க ஒரு பிள்ளையாவது இருக்கிறானே என்று மெக்கானிக் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

தொழிலில் அவர் கறாரானவர். தெரிந்தே ஒரு திருகைக்கூடத் தவறாக முடுக்கியதில்லை. புதிய செட்டை மாட்டி, பொறி விழும் நேரத்தைக் குறியோடு ஒப்பிட்டு அச்சாக நிறுத்தினார். பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, பொறி நேரத்தை மாற்றும் தட்டைத் தளர்த்தி, குறியிலிருந்து ஒரு மயிரிழை பின்னுக்குத் தள்ளி மறுபடி முடுக்கினார்.

சாயங்காலம் பிழைதிருத்துநர் வந்தார். ஒரே உதையில் வண்டி கிளம்பியதும் குழந்தையைப் போலச் சிரித்தார். ஒரு சுற்றுப் போய்த் திரும்புகையில், பட்டறை முனையில் ‘டப்’.

“என்னங்க இது, திருத்தினப்புறமும் அதே பிழை அப்படியே நிக்குதே?”

“பழைய உடம்பு சார். பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விடாது.”

“சரி, போகட்டும். நீங்களும்தான் பாவம் என்ன பண்ணுவீங்க?”

சிரித்தபடியே போகிறவரை மெக்கானிக் பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே இவ்வளவு பதமாகப் பேசுகிறவன், கதவைச் சாத்திய பிறகு என்னவெல்லாம் செய்வான்?

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில், கழற்றிய பாயின்டைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு அந்த வீட்டுக்குக் கிளம்பினார். பழைய சாமானைக் கொடுக்க வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். அந்த மனிதரை முகத்துக்கு நேராக ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். என்ன வார்த்தை என்றுதான் வழிநெடுகப் பிடிபடவில்லை.

வாசலில் வண்டி இல்லை. இன்னும் வரவில்லை என்று தெரிந்ததும், வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவருக்கு நிம்மதியாகவே இருந்தது. வந்ததற்கு அவளிடமாவது கொடுத்துவிட்டுப் போகலாம் என்று கதவைத் தட்டக் கையை உயர்த்தினார்.

உள்ளே ஒரு பாத்திரம் உருண்டது. தொடர்ந்து, மூச்சு அடைபட்டுத் திணறும் ஒலி.

பாதி சாத்திய சன்னல் வழியே பார்த்தார். அவள் சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். கழுத்தை ஒரு கை இறுக்கிப் பிடித்திருந்தது. கைக்குரியவனைச் சன்னல் கதவு மறைத்தது. அவள் கண்கள் தெருப்பக்கமே நிலைகுத்தியிருந்தன. கத்துவதற்கு மெக்கானிக் வாயைத் திறந்தார். வண்டிதான் இன்னும் வரவில்லையே?

அப்போது தெருமுனையில் ‘டப்’பென்று வெடித்தது.

கழுத்திலிருந்த கை இறங்கியது. நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. புத்தகத்தின் பக்கங்கள் புரண்டன.

“அப்பா வந்துட்டார். போய் மூஞ்சியக் கழுவும்மா” என்றான் மகன்.