பிக்கப்புக்கு ஒரு டியூனர்

பிக்கப் வண்டியின் கண்ணாடியில் பட்ட வெயில் கடைக்குள் கண் கூச அடிக்கிறது. மேசைமேல் இஞ்சினுக்கு வலுக்கூட்டும் டியூனர்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று திரையும் நீளமான வயருமாக, இன்னொன்று தீப்பெட்டி அளவில். பாரத்தோடு மேடு ஏறினால் வண்டி திணறுகிறது என்று, தம்பியோடு வந்திருக்கும் அக்கா சொல்லி முடிப்பதற்குள் கடைக்காரர் சின்னதைக் கையில் எடுத்துவிடுகிறார். "இதை மாட்டுங்கம்மா, வண்டி பிச்சுக்கிட்டுப் போகும்." தம்பியின் முகம் மலர்கிறது. அக்காவுக்கு அந்த அவசரம்தான் உறுத்துகிறது. இந்த வண்டி படுத்துவிட்டால் அவள் வீட்டிலும் தம்பி வீட்டிலும் அடுப்பு எரியாது. கடைக்காரர் வண்டிக்குள் குனிந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் துளையில் அதைச் செருகுகிறார். அதில் பச்சை விளக்கு மினுக் மினுக்கென்று மின்னுகிறது. "பாத்தீங்களா! இஞ்சின் ஓடுற விதத்தைப் படிக்க ஆரம்பிச்சிடுச்சு." "அட, ஆமாக்கா!" என்று தம்பி எட்டிப் பார்க்கிறான். அக்கா அசையாமல் நிற்கிறாள். தெருவில் யாரோ ஹாரன் அடித்து ஓய்கிறார்கள். பானெட்டுக்கு அடியில் ஒரு சத்தமும் இல்லை. அவள் மெல்ல உள்ளங்கையை விரிக்கிறாள். "சாவி என் கையிலதானே இருக்கு அண்ணே. ஓடாத இஞ்சின்ல அது எதைப் படிக்குது?" தம்பியின் சிரிப்பு பாதியில் நிற்கிறது. கடைக்காரர் கழுத்தைத் துடைத்துக்கொள்கிறார். அக்கா குனிந்து அதைப் பிடுங்கி அவர் கையில் வைத்துவிட்டு, வண்டியில் ஏறி உட்காருகிறாள்.