குத்துக்கல்

“ஹெர்மிதா ஜிபாஸ்.”

ஆசிரியர் மிஸ்டர் ஹாலவே வருகைப் பதிவுக்காகப் பெயரைப் படித்ததும், மூன்றாவது வரிசையில் இருந்த ஹெர்மிதா வழக்கம்போல் இரண்டு புருவங்களையும் உயர்த்தினாள்.

உடனே பின்னாலிருந்து டிரிஷாவின் வெண்கலக் குரல்.

“இருக்கா சார். குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கா.”

வகுப்பே சிரித்தது. ஹெர்மிதாவுக்கு முகம் சுட்டது.

தினமும் இதே கூத்துதான். நேற்று, “எங்க ஊமைக்கோட்டான் ஆஜர் சார்” என்றாள். முந்தாநாள் வேறு ஏதோ. தான் பதில் சொன்ன பிறகு இவள் எதற்கு மேலே ஒரு பதில் சொல்கிறாள்?

பசிபிக் கடலில் இருக்கும் அவளுடைய மார்ஷல் தீவுக்காரர்களுக்கு ‘ஆமாம்’ சொல்ல வாய் வேண்டாம், புருவம் போதும். அமெரிக்காவில் இந்த அர்க்கன்சாவுக்கு வந்து இத்தனை வருடம் கோழி ஆலையில் நின்றபோதும் அவளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அந்த இரைச்சலில் யார் பேச்சு யாருக்குக் கேட்கும்? முகமூடிக்கு மேலே தெரிவதெல்லாம் கண்ணும் புருவமும்தான். பக்கத்தில் நின்றவர்களும் சொந்தத் தீவு ஜனங்கள். ஒரு புருவத்தில் ஒரு கதையே சொல்லிவிடலாம்.

இந்த வகுப்பில் தீவுக்காரி அவள் ஒருத்திதான்.

இரத்தம் எடுக்கவும் ஊசி போடவும் கற்றுக்கொடுக்கிற இரண்டு வருடப் படிப்பு. தனியார் கல்லூரி. அரசுக் கல்லூரியில் செலவு கொஞ்சம்தான், ஆனால் இடத்துக்காக வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இவர்கள் கேட்டவுடன் சேர்த்துக்கொண்டார்கள். அந்த ‘உடனே’வுக்கு விலையாக அண்ணனின் லாரி போயிற்று.

நாள் தவறாமல் வர வேண்டும் என்பதுதான் இங்கே முதல் சட்டம். அளவுக்கு மேல் வராமல் இருந்தால் பெயரை எடுத்துவிடுவார்கள். கட்டிய பணம் திரும்பாது. காய்ச்சலோடுகூட வந்து உட்கார்ந்திருக்கிறாள் ஹெர்மிதா.

வந்து என்ன? ஊசிப் பயிற்சிக்கு ஜோடி சேரச் சொன்னால் ஆளாளுக்கு ஒருவரைப் பிடித்துக்கொள்வார்கள். அவளுக்கு ஜோடி, மேஜை மேல் கிடக்கும் ரப்பர் கை.

கல்லூரி விளம்பரத்தில் மட்டும் அவள்தான் நடுவில். சுற்றிலும் நாலு பேர் தோளில் கை போட்டுச் சிரிக்கிறார்கள். படம் எடுத்து முடித்ததும் நாலு பேரும் நாலு பக்கம் போய்விட்டார்கள். அவள் தன் சோற்றுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காருக்குள் போய் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அன்று மதியம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். டிரிஷா தினமும் தன்னைக் கேலி செய்வதையும், வகுப்பே சிரிப்பதையும், படிப்பை விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றுவதையும் திக்கித் திணறிச் சொன்னாள்.

அலுவலகப் பொறுப்பில் இருந்த மிஸ் கார்வர் பதறிப்போனாள். விளம்பரப் படத்துக்கு ஹெர்மிதாவைத் தேர்ந்தெடுத்தது அவள்தான்.

“விடறதா? நல்ல கதையா இருக்கே. உன்னை மாதிரி பல ஊர்ப் பிள்ளைங்க படிக்கிறதுதானே எங்களுக்குப் பெருமை. இதை நான் பாத்துக்கறேன்.”

பார்த்துக்கொண்டாள். அந்த வாரமே டிரிஷாவை மாலை வகுப்புக்கு மாற்றிவிட்டார்கள். அதனால் பெட்ரோல் பங்கில் அவள் பார்த்துவந்த மாலை வேலை போய்விட்டதாகப் பேசிக்கொண்டார்கள். ஹெர்மிதாவுக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கினாற்போலவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை தாழ்வாரத்தில் டிரிஷா எதிரே வந்தாள். தோளில் பை, வாயில் சூரியகாந்தி விதை. சண்டைக்கு வருவாளோ என்று ஹெர்மிதா சுவரோரம் ஒதுங்கினாள்.

டிரிஷா நின்று அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இனிமேலாவது வாயைத் திற, தாயே” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

போகிற போக்கிலும் ஒரு குத்தல். நல்லவேளை தொலைந்தாள் என்று நினைத்துக்கொண்டாள் ஹெர்மிதா.

திங்கட்கிழமை வகுப்பு அமைதியாக இருந்தது. அவளும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“ஹெர்மிதா ஜிபாஸ்.”

புருவத்தை உயர்த்தினாள்.

யாரும் எதுவும் சொல்லவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை.

“ஹெர்மிதா?”

இன்னும் நன்றாக உயர்த்தினாள். மிஸ்டர் ஹாலவேயின் கண் கம்ப்யூட்டர் திரையிலேயே இருந்தது. அவர் நிமிர்ந்து பார்ப்பார் என்று காத்திருந்தாள். முதல் நாளிலிருந்தே பெயர் படிக்கும்போது அவர் ஒரு தடவைகூட நிமிர்ந்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

சட்டென்று பின் வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே நாற்காலிதான் இருந்தது.

அவள் தொண்டையைச் செருமி வாயைத் திறப்பதற்குள், “ஆள் வரலை போலிருக்கு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஒரு பொத்தானைத் தட்டிவிட்டு, அடுத்த பெயருக்குப் போய்விட்டார் மிஸ்டர் ஹாலவே.