முதல் வரிக்கு ஆறு இடைவெளி

"அந்த லிஸ்ட்டை அனுப்பாதீங்க சார்."

கணினிப் பயிற்சி மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். வாசலில் நின்றது, வகுப்பில் எல்லாரும் 'மௌனம்' என்று கூப்பிடும் பெண். ஆறு மாதத்தில் அவள் குரலை அவர் கேட்டதே இல்லை.

"அட, நீ பேசுவியாம்மா?"

"இன்னைக்குப் பேசுவேன் சார். இருபத்திமூணு பேர் எழுதின பரீட்சையில ஒருத்தர்தான் பாஸ்னு ஒட்டியிருக்கீங்க. அது தப்பு."

"தப்புன்னா மெஷின்கிட்டப் போய்ச் சொல்லு. திருத்தினது அதுதான். யாரோட பேப்பர்னு எனக்குத் தெரியக் கூடாதுன்னு நீங்களே சீட்டுக் குலுக்கி நம்பர் எடுத்தீங்க. அந்த ஒரு நம்பர் யாரோ, அவங்களுக்கு நம்மகிட்ட ஆள் கேட்டிருக்கிற கம்பெனியில வேலை. மூணு மணிக்கு லிஸ்ட் போயாகணும். தோத்தவங்க எல்லாம் வரிசையா வந்து நின்னா நான் என்ன பண்றது?"

அவள் போகவில்லை. உள்ளே வந்து, அவர் சொல்லாமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நம்ம வகுப்புத் தையல்கார அக்கா மாடிப்படியில உட்கார்ந்து அழறாங்க சார். கேள்வி என்ன? ஏழு வரியில நட்சத்திரக் கூம்பு வர்ற மாதிரி ஒரு புரோகிராம். அக்கா விரல்விட்டு எண்ணி எண்ணி எழுதினாங்க. முதல் வரிக்கு முன்னாடி ஆறு இடைவெளி, அடுத்ததுக்கு அஞ்சு. கூம்பு நெட்டுக்குத்தா நின்னுச்சு. என் கண்ணால பார்த்தேன்."

"பரீட்சையில அடுத்தவங்க திரையை எட்டிப் பார்த்தியா? அதுக்கே உன்னை வெளியே அனுப்பணும்."

"அனுப்புங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. மெஷின் எங்க விடையை எதோட ஒப்பிட்டுச்சு?"

"நான் எழுதின விடையோட."

"அதை எங்கேயிருந்து எடுத்தீங்க?"

"நம்ம இணையப் பக்கத்துல போட்டு வச்சிருந்தேன். அதைக் காப்பி பண்ணிக் கொடுத்தேன். வேற எங்கே போவேன், ஆகாசத்துக்கா?"

"அந்தப் பக்கத்தைத் திறங்க சார்."

மாஸ்டருக்குக் கோபம் மூக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனாலும் திறந்தார். கூம்பைக் காணோம். நட்சத்திரங்கள் எல்லாம் இடது ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டு, படிக்கட்டு மாதிரி இறங்கின.

"நான் இப்படிப் போடலையே!"

"நீங்க சரியாத்தான் போட்டீங்க. வரி ஆரம்பத்துல இருக்கிற இடைவெளியை இணையப் பக்கம் முழுங்கிடும். 'ப்ரீ'ன்னு ஒரு குறி போட்டு அதுக்குள்ள வச்சாத்தான் உள்ளதை உள்ளபடி காட்டும். நீங்க போடலை. முழுங்கினது போக மிச்சத்தைக் காப்பி பண்ணி, அதுதான் விடைன்னு மெஷினுக்குக் கொடுத்துட்டீங்க."

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கண்ணுக்கே தெரியாத வெத்து இடம். ஒண்ணுமில்லாததுக்கா இவ்வளவு சண்டை? ஒட்டின லிஸ்ட்டை நானே கிழிச்சா என் மானம் கப்பலேறும்மா."

"அந்த ஒண்ணுமில்லாததை எண்ணிப் பழகத்தான் சார், அக்கா ஆறு மாசமா கடையைப் பாதியில பூட்டிட்டு வந்தாங்க. உங்க மானம் கப்பலேறினா நாலு நாள்ல கரைக்கு வந்துடும். நீங்க திருத்தலைன்னா நான் கம்பெனிக்கே நடந்து போய்ச் சொல்லுவேன்."

மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டரை. முணுமுணுத்துக்கொண்டே குறியைப் போட்டார். பக்கம் மறுபடி திறந்ததும் கூம்பு நிமிர்ந்து நின்றது. அதைக் காப்பி பண்ணி, எல்லா விடைகளையும் மெஷினில் புதிதாக ஓட்டினார்.

பாஸ். பாஸ். பாஸ். திரை முழுக்கப் பச்சை.

"பத்தொன்பது பேர்!" என்றார். எழுந்து போய், கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைத் தானே கிழித்தார். திரும்பி வந்தபோது அவர் குரல் இளகியிருந்தது.

"பத்தொன்பது பேரையும் அனுப்பறேன். யாரை எடுக்கணும்னு கம்பெனி பார்த்துக்கட்டும். நீயும் பொல்லாத ஆளுதான். வேலை வேணும்னா இப்படித்தான் முட்டி மோதணும். உன் நம்பரைச் சொல்லு, புது லிஸ்ட்டுல எத்தனாவதா இருக்குன்னு பார்ப்போம்."

"அதுல இருக்காது சார்" என்று சொல்லி அவள் எழுந்தாள். "இப்பக் கிழிச்சீங்களே, அந்த லிஸ்ட்டுல தனியா இருந்த நம்பர்தான் என்னோடது. இடைவெளி போட மறந்தது நான் ஒருத்திதான்."